வாசற்படியில் நீண்ட சுரம்

பெல்கிரேட்
1932 செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய ஸ்தாமெனா அவர்களுக்கு,

ஒப்ராத் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மகள் நெவெங்காவும் நலம் என்று நம்புகிறேன். ஆற்றங்கரை மாவு மில் நன்றாக ஓடுவதாகச் சந்தைக்கு வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். உங்கள் கணவர் போரில் இறந்தபோதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, இதையாவது தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். போன குளிர்காலம் முழுக்க ஒரு கன்சர்ட்டோ எழுதினேன். வயலின் முன்னால் நின்று பேச, பெரிய வாத்தியக் குழு பின்னால் நின்று பதில் சொல்கிற மாதிரியான இசை. அதை இங்கே ஒரு சங்கம் நடத்தும் போட்டிக்கு அனுப்பினேன். மெட்டுகள் எல்லாம் எழுதியவனின் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. முதல் பரிசு எனக்குத்தான் என்று காதில் விழுந்த வாரத்தில், பேராசிரியர் தியோஃபனோவிச் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். என் இரண்டாம் பகுதியின் மெட்டு, மொராவா ஆற்றங்கரை ஊர்களில் மணப்பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து வெளியே அழைத்து வரும்போது வாசிக்கும் தொன்மையான மெட்டாம். அவரே பல கல்யாணங்களில் கேட்டாராம். நடுவில் ஒரு சுரம் நீளும்போது பெண் வாசற்படியில் நிற்பது, நம் மக்கள் கிறிஸ்தவர்களாவதற்கு முன்பிருந்தே வரும் வழக்கமாம்.

அது எந்தக் காலத்து வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது நான் திருடன். என் மாணவர்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி போட்டியின் நடுவர் குழு கூடுகிறது. அந்த மெட்டை முதன்முதலில் நான்தான் கட்டினேன் என்று நேரில் அறிந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். உங்கள் கல்யாணத்தன்று என்னோடு வாசித்த இருவரும் போரில் போய்விட்டார்கள். உங்கள் அண்ணன் மிலுதினுக்கு எழுதினேன். கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான். உங்கள் அண்ணன் மகனுக்கு ஞானஸ்நானத்தில் கூமாக, ஞானத்தகப்பனாக நின்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன். கூம் கேட்டதை மறுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

ஒப்ராத் வெஸோவிச்

*

விர்பிட்சா
செப்டம்பர் 12

ஒப்ராத்,

தையல்காரர் மகன் என்னை ‘நீங்கள்’ என்கிறான்! தபால்காரருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். அவரும் விடவில்லை. “என்ன ஸ்தாமெனா, தலைநகரத்துல இருந்து மாப்பிள்ளை ஏதும் வந்திருக்கா?” என்று கேட்டார். “ஆமா, கிழட்டு மாப்பிள்ளை. கையில வயலின், வயித்துல பயம்”னு சொல்லி அனுப்பினேன்.

இனி என்னிடம் ‘கூம்’ உரிமை பேசாதே. கூமாக நிற்பவன் தன் ஞானமகனின் கல்யாணத்தில் முதல் நாற்காலியில் உட்கார வேண்டும். போன வருஷம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஊரே அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. நீ அன்று எங்கோ வெளிநாட்டில் வாசித்துக்கொண்டிருந்தாயாம். அதனால்தான் மிலுதின் அண்ணன் உன் கடிதத்தைத் திருப்பினான். அவன் செய்தது சரி.

இனி மெட்டு. என் கல்யாணத்துக்கு ஒருவர் செம்புப் பானை கொடுத்தார், ஒருவர் ஆட்டுத்தோல் கோட்டு கொடுத்தார். உன்னிடம் ஒன்றும் இல்லை. “எங்கிட்ட இதான் இருக்கு ஸ்தாமெனா, இதை உனக்குன்னு கட்டினேன்”னு சொல்லிவிட்டு வயலின் வில்லை எடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன். செம்புப் பானை கொடுத்தவர் இன்றைக்கு வந்து “அந்தப் பானையைக் கொடு, என்னோடதுன்னு நாலு பேருக்குக் காட்டணும்” என்று கேட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

அது இப்போது உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அதைக் கேட்காமல் பிறந்த வீட்டைத் தாண்டுவதில்லை. பாதிரியார் மனைவி போன மாதம் என்னிடமே வந்து அடித்துச் சொல்கிறாள்: “எங்க மாமியாரோட மாமியார் கல்யாணத்துலயே இதைத்தான் வாசிச்சாங்க, உனக்கென்னடி தெரியும்!” அவள் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

நீ படித்தவன். பிராகுக்குப் போனாய், என்னென்னவோ எழுதினாய். உன் சோனாட்டாவைப் பள்ளி ஆசிரியர் வீட்டு ரேடியோவில் கேட்டேன். பூனையைத் துரத்துகிற மாதிரி இருந்தது, ஆனால் பிடித்தது. அவ்வளவு எழுதியவனுக்கு இந்த ஒன்றை விட்டுவைக்க மனம் வரவில்லையா? நான் வரமாட்டேன். அக்டோபர் பதினாறாம் தேதி என் மகளுக்குக் கல்யாணம். எனக்கு ஆயிரம் வேலை.

ஸ்தாமெனா

*

பெல்கிரேட்
செப்டம்பர் 19

ஸ்தாமெனா,

சரி, ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

செம்புப் பானை கணக்கு சொல்கிறாய். யாரும் பானை கொடுத்தவரைத் திருடன் என்று பத்திரிகையில் எழுதவில்லை. நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. நான் கொடுத்தேன் என்பதைச் சொல் என்றுதான் கேட்கிறேன். கொடுத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தைகூடக் கிடையாதா?

நாற்காலி காலியாக இருந்தது உண்மை. வர முடியாமல் இல்லை, வரவில்லை. அந்த ஊர் வாசலில் நின்று “வாங்க கூம்” என்று நீங்கள் எல்லோரும் அழைப்பதைக் கேட்கும் தெம்பு எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

நீ கேலி பேசுவதால் நானும் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். உன் அண்ணனுக்கு மகன் பிறந்த வசந்தத்தில் நான் யார்? ஊர்ச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வீட்டுப் பையன். கல்யாணத்தில் வாசித்துவிட்டுப் பின்கட்டில் சாப்பிடுகிறவன். உங்கள் வீட்டுக்குப் பரம்பரையாகக் கூமாக இருந்த குடும்பம் ஆண் வாரிசு இல்லாமல் போயிருந்தது. மிலுதின் ஊர் நடுவில் என்னைக் கட்டிப்பிடித்து, “ஒப்ராத், நீதான்டா எங்க வீட்டுக்கு இனிமே கூம்”னு சொன்னான். என் அப்பா அழுதே விட்டார். நான் மூச்சு விடுவதற்குள் சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்? குழந்தையை ஏந்தினேன், பெயரும் வைத்தேன். மாலையில் நீ ராக்கியாச் சாராயக் கோப்பையை நீட்டி, “குடிங்க கூம்” என்றாய். அப்போதுதான் உறைத்தது. கூமாக நின்றவனுக்கு அந்த வீட்டுப் பெண் உடன்பிறந்தவளுக்குச் சமம். அங்கே பெண் கேட்க முடியாது. அதற்கு முந்தின வாரம்தான் உன்னைக் கேட்டு என் அப்பாவை அனுப்புவது என்று முடிவு செய்திருந்தேன். அதை உன்னிடம் சொல்லவும் இல்லை.

உனக்கு முன்பே தெரியாதா? உன் வீட்டில் நடந்த பேச்சு உன் காதில் விழாமலா போயிற்று? ஒரு கண் சாடை காட்டியிருக்கலாமே. இத்தனை வருஷமும் இதை மென்றுகொண்டிருக்கிறேன். பிராகில், போரில் பனிமலை தாண்டி ஓடும்போது, ஊமைப் படக் கொட்டகையில் பியானோ பக்கத்தில் நின்று வாசித்தபோது, எங்கேயும் ஓர் இடத்தில் மனம் தங்கியதில்லை. எழுதியதில் பாதியை முடிக்காமல் விட்டதற்கும் காரணம் அதுதான்.

உன் கல்யாணத்தன்று நீ வாசற்படியில் நின்றாயே, அந்த நேரத்தில் என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நீ விரும்பும்வரை நிற்பதற்குச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கன்சர்ட்டோவில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதைத்தான் இவர்கள் காட்டுமிராண்டிக் காலத்து வழக்கம் என்கிறார்கள்.

வா, ஸ்தாமெனா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒப்ராத்

*

விர்பிட்சா
செப்டம்பர் 29

ஒப்ராத்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு படிந்த கையோடு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அவன் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். அண்ணியும் மருமகளும் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

“அண்ணே, ஒப்ராத்தைக் கூமா ஆக்கினது யார் யோசனை?”

“என்னோடதுதான். இப்ப என்ன அதுக்கு?”

“ஊர்ல எத்தனை பெரிய வீடு இருந்துச்சு. தையக்காரர் மகன்தான் கிடைச்சானா?”

அவன் மிளகாயைத் திருப்பிப் போட்டான். அண்ணி கரண்டியை நிறுத்தினாள். பிறகு அவன் சிரித்தான் ஒப்ராத், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவன் உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கலைன்னு நெனச்சியா? அடிச்சுத் துரத்தினா நீ ஜன்னல் வழியா ஓடியிருப்ப. அவங்கப்பன் பொண்ணு கேட்டு வந்து நான் முடியாதுன்னா ஊர் என்னைத் திட்டும். அதான் மரியாதை பண்ணி நடுவீட்டுல உக்கார வெச்சேன். அப்புறம் அவனால எந்திரிக்கவே முடியலை பாரு!”

நான் கையிலிருந்த மாவுத் துணியை அவன் மூஞ்சியில் எறிந்தேன். அவன் பதறினான். “எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா, மில்லு வந்துச்சில்ல” என்றான். மில் வந்தது. அஞ்சு வருஷத்தில் மில்காரன் போனான். அவன் நல்ல மனிதன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் போடப்பட்ட பூட்டுக்கு என் வீட்டிலேயே விருந்து வைத்திருக்கிறார்கள், அதற்கு நானே ராக்கியா ஊற்றியிருக்கிறேன்.

எனக்குத் தெரியாது ஒப்ராத். சத்தியமாகத் தெரியாது. நீயாகத்தான் பெருமைக்கு ஆசைப்பட்டு என்னைத் தள்ளிவிட்டாய் என்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

சரி, வருகிறேன். குழுவோ கிழுவோ, யார் முன்னாலும் வந்து சொல்கிறேன். ஆனால் சும்மா இல்லை. பதினாறாம் தேதி நீ இங்கே வந்து நெவெங்காவை அழைத்து வரும்போது வாசிக்க வேண்டும். தலைநகரத்து வித்வானாக இல்லை. நம் ஊர்ப் பையன்களோடு நின்று, குடித்தவன் எவனாவது உன் நெற்றியில் பண நோட்டு ஒட்டினால் அதையும் வாங்கிக்கொண்டு, பின்கட்டில் சாப்பிட்டு. முடியுமா உன்னால்?

ஸ்தாமெனா

*

பெல்கிரேட்
அக்டோபர் 5

ஸ்தாமெனா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு அறையில் உட்கார முடியவில்லை. கோட்டையிலிருந்து ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கோட்டைக்குமாக நடக்கிறேன். மிலுதின் மேல் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வருகிறது. அவ்வளவு சுலபமாக என்னை உட்கார வைத்துவிட்டான்.

வருகிறேன். பதினைந்தாம் தேதி மாலை வண்டி. ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய அரங்கங்களில் எனக்குக் கை நடுங்கியதில்லை. உன் வீட்டு முற்றத்தை நினைத்தால் இப்போதே நடுங்குகிறது. மிலுதின் என்னைப் பார்த்து ஏதாவது சொன்னால் நான் என்ன செய்வேன் என்றும் எனக்குத் தெரியாது. நீ அவனை என் பக்கம் விடாதே.

ஒப்ராத்

*

பெல்கிரேட்
அக்டோபர் 21

ஸ்தாமெனா,

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். குழு அறையிலிருந்து நான் வெளியே வருவதற்குள் மத்தியான வண்டியைப் பிடித்துவிட்டாயாம். உனக்கென்று ஒரு காப்பிக்கடையில் மேசை சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் நல்ல செய்தி. குழு உன் சாட்சியை ஏற்றுக்கொண்டது. மெட்டு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பரிசும் எனக்குத்தான். நவம்பர் இருபதாம் தேதி கன்சர்ட்டோ அரங்கேறுகிறது, வயலின் நானே வாசிக்கிறேன், ரேடியோவிலும் வரும். காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது மாணவர்கள் எழுந்து நின்றார்கள். நான் விரும்பியது எல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை.

கல்யாண நாளை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். உன் ஊர்ப் பையன்கள் என்னைப் படுத்திய பாட்டை நீ பார்த்தாயா? கிளாரினெட் வாசிக்கிறவன் என் முழங்கையைத் தட்டி, “அண்ணே, நீங்க வாசிக்கிறது கொஞ்சம் தப்பு. இங்க இன்னும் இழுக்கணும். எங்க பக்கத்து வழக்கம் அது”னு சொல்லிக் கொடுத்தான். சரி தம்பி என்றேன். நெவெங்கா வாசற்படியில் நின்று, முக்காட்டைச் சரிசெய்து, தோழிகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, குதித்து இறங்கினாள். போக வேண்டும் என்ற ஆசையோடு ஒரு பெண் அந்தப் படியில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். மிலுதின் என் நெற்றியில் நோட்டு ஒட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வந்ததுக்கு நன்றி கூம்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் எங்கள் இருவராலும் முடியாது.

நான் கேட்க வந்தது வேறு. குழுவில் பேராசிரியர் உன்னைக் கேட்டாரே: “அம்மா, அந்த வழக்கம் உங்களிடமிருந்துதான் தொடங்கியது என்றால், நீங்கள் அன்று ஏன் நின்றீர்கள்?”

நீ கொஞ்சமும் யோசிக்காமல், “செருப்பு புதுசு ஐயா. கடிச்சுது”ன்னு சொன்னாய். அறையே சிரித்தது. பேராசிரியர்கூடச் சிரித்துவிட்டுத் தன் கட்டுரையை மடித்து வைத்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் ஜெயித்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஸ்தாமெனா, செருப்பா? நான் ஒரு பகுதி முழுவதையும் அந்த நிற்றலின் மேல் கட்டியிருக்கிறேன். எழுதிய எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் பொய்யில்லாதது என்று நம்பியிருக்கிறேன். வாத்தியக் குழுவின் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் காத்திருக்கப் போகிறார்கள். உன் செருப்பு கடித்ததற்காகவா?

உண்மையைச் சொல். செருப்புதான் என்றாலும் சொல். தெரிந்துகொண்டால் தூங்குவேன்.

ஒப்ராத்

*

விர்பிட்சா
அக்டோபர் 30

ஒப்ராத்,

காப்பிக்கடையில் உட்கார்ந்தால் கேட்பாய் என்று தெரிந்துதான் வண்டி ஏறினேன். நேரில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

செருப்பு பழசு. என் அம்மாவினுடையது. கடிக்கவே இல்லை. அந்த ஐயாக்கள் கோட்டுப் போட்டு உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக்கொள்வதற்கு உண்மையைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. உனக்குத் தேவைப்பட்டது மெட்டு. அது உன்னுடையது என்று சொன்னேன், அது உண்மை. நின்றது என்னுடையது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

நீ கேட்டதால் உனக்கு மட்டும் சொல்கிறேன். தூக்கம் வருமா என்று தெரியாது.

அன்று மாப்பிள்ளையின் தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். முற்றம் முழுக்க மாப்பிள்ளை வீட்டார், வண்டிகள், குதிரைகள். நீ கிணற்றுப் பக்கம் நின்று வாசித்துக்கொண்டிருந்தாய். நான் படியில் நின்றேன். ஒப்ராத் இப்போது வில்லை இறக்கிவிடுவான் என்று நினைத்தேன். ஒரு நொடி வாத்தியம் நின்றால் போதும், எல்லோரும் உன் பக்கம் திரும்புவார்கள். கூமாவது ஒன்றாவது, பாதிரியார் சாபமாவது, நான் மாப்பிள்ளைத் தம்பியின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடியிருப்பேன். நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்க மாட்டேன். நீ நிறுத்துவதற்காகத்தான் நான் நின்றேன்.

நீ நிறுத்தவில்லை. எனக்கு நேரம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை அறைய வேண்டும் போலவும் இருந்தது. நான் உன் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தாய். இவன் சாயங்காலம்வரைகூடப் பிடிப்பான் என்று தெரிந்ததும் காலை எடுத்து வெளியே வைத்தேன்.

உன் மேல் இப்போது கோபம் இல்லை. நம் இரண்டு பேரையும் அண்ணன் கட்டிப்போட்டுவிட்டான், நாம் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தே கெட்டோம்.

கச்சேரிக்கு வரமாட்டேன். பள்ளி ஆசிரியர் வீட்டில் ரேடியோ இருக்கிறது, நெவெங்காவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அந்த இடம் வரும்போது நீ பயப்படாதே. உனக்குப் பிடித்த அளவுக்கு அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொள். இனி அங்கே யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.

ஸ்தாமெனா